பரோட்டா பந்தயமும் ஒரு பாய்க்கப்பலும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா"ன்னுதான் கேட்டார்கள். பம்புகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நாளில் அதைத் தீர்த்துவிடுவதே முறை.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு ராத்திரி, கரண்ட் போன நேரம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் எட்டுப் பத்துப் பேர். எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா இல்லையா என்று பெரிய வாக்குவாதம். இருந்தார், அவர் வழி காட்டித்தான் சென்னையில் குண்டு போட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். எதிர்க்கட்சியில் ஒருத்தன் மட்டும் ஆதாரம் கேட்டான். குரல் பெரிசா இருந்தவன் ஜெயித்தான், அது நான்தான். பந்தயம் நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சாப்பிட்டேன்.

பதினைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன்: நான் சொன்னது தப்பு. அது எப்படித் தப்பு என்று தேடப் போன இடத்தில்தான் இன்னொரு கப்பல் கிடைத்தது. எம்டனை விடச் சின்னது, பாய்மரக் கப்பல், பெயர் ஆயிஷா. அதன் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நம்ம ஊருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

கடலே இல்லாத மாவட்டம் நம்முடையது. நமக்குத் தெரிந்த கப்பல் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பின்னி, அடியில் தார் பூசி, சுழலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் நம்ம பசங்களில் பாதிப்பேர் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். இருந்தாலும் கப்பலுக்கும் தருமபுரிக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யோடு தோளோடு தோள் நின்று மேடையில் பேசியவர், 1908இல் அவரோடு சிறைக்குப் போனவர் சுப்பிரமணிய சிவா. அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம்ம பாப்பாரப்பட்டி; 1925 ஜூலை 23ஆம் தேதி அங்கேதான் மறைந்தார். கப்பலுக்காக ஜெயிலுக்குப் போனவரை நம்ம மண் ஏந்திக்கொண்டிருக்கிறது.

இன்னொரு உறவு வாய்மொழியில் இருக்கிறது. எங்க பாட்டி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் சந்தையில் விலை பேசித் திரும்பி வந்தால், "அவன் சரியான எம்டனா இருக்கான்டா"ன்னு சொல்லும். ஏமாற்றுக்காரன் என்று முழுசா அர்த்தம் இல்லை; கெட்டிக்காரன், பயப்பட வேண்டியவன் இரண்டும் சேர்ந்த ஒரு சொல். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வந்து போன ஜெர்மன் கப்பலின் பெயர், பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக் கிழவி வாய் வரைக்கும் வந்திருக்கிறது. 2006இல் ஒரு சினிமாவுக்கே முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர் வைத்தார்கள்.

எம்டன் செய்தது என்ன?

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது ஜெர்மனியின் வசம் சீனாவில் சிங்டாவ் துறைமுகம் இருந்தது. அங்கிருந்து ஜூலை 31ஆம் தேதியே கடலுக்குப் போய்விட்ட போர்க்கப்பல்தான் எம்டன். பாய்மரம் கிடையாது, நிலக்கரி நீராவிக் கப்பல். கேப்டன் கார்ல் வான் முல்லர். செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, இரண்டே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மடக்கியது. பிடிபட்ட கப்பலில் இருந்தவர்களைக் கொல்லாமல், வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பி வைப்பது முல்லரின் வழக்கம். அதனால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை மெச்சி எழுதின.

செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் இருந்தவர்கள் உட்படச் சிலர் செத்தார்கள். கரையிலிருந்து பீரங்கிகள் பதில் சொல்லத் தொடங்கியும் அடிபடாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளிலிருந்து சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். வெள்ளைக்காரனையும் அடிக்க ஆள் இருக்கிறான் என்ற நினைப்பும் அந்தப் பயத்தோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இதை நினைவுபடுத்தும் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. ஒருமுறை தேடிப்போய்ப் பார்த்தேன்.

இப்போது பந்தய விஷயம். 1914 செப்டம்பரில் செண்பகராமன் பிள்ளை ஐரோப்பாவில் இருந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவாக ஒரு குழு அமைத்து நடத்திக்கொண்டிருந்தார். அதன் பின் பெர்லினுக்குப் போனார். சீனாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் எப்படி ஏற முடியும்? அவர் எம்டனில் இருந்ததற்கு ஆவணமும் இல்லை. அவர் செய்த உண்மையான வேலையே பெரிசு. இல்லாத குண்டை அவர் கணக்கில் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆக, நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட், பதினைந்து வருஷ வட்டியோடு நான் தர வேண்டும். ஆதாரம் கேட்ட நண்பன் ரீயூனியனுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கரையில் விடப்பட்ட ஐம்பது பேர்

1914 நவம்பர் 9 காலை. இந்தியப் பெருங்கடலின் நடுவில் கோகோஸ் தீவுகள். அதில் டைரக்‌ஷன் தீவு என்ற மணல் திட்டில் பிரிட்டிஷ் கம்பெனியின் கடலடித் தந்தி நிலையம். ஆஸ்திரேலியாவையும் மற்ற தேசங்களையும் இணைக்கும் கம்பிகள் அங்கே கரையேறுகின்றன. அதை உடைத்துவிட்டு வா என்று முல்லர் தன் முதல் அதிகாரியை அனுப்பினார். அவர் பெயர் ஹெல்முட் வான் மியூக்கே. வயது 33, ஏறக்குறைய இப்போது நம்ம வயது. அவரையும் சேர்த்து ஐம்பது பேர்.

நிலையத்து ஆட்கள் சண்டை போடவில்லை. ஆனால் எம்டன் கண்ணில் பட்டதுமே, சந்தேகக் கப்பல் வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் தட்டிவிட்டிருந்தார்கள். ஜெர்மானியர்கள் தந்திக் கம்பத்தைச் சாய்க்கப் போனபோது, "எங்க டென்னிஸ் மைதானத்து மேல விழாம பார்த்துக்குங்க" என்று வேண்டிக்கொண்டார்களாம். ஜெர்மானியர்களும் அப்படியே பார்த்துச் சாய்த்துக் கொடுத்தார்கள். உலகப் போரில் இப்படியும் ஒரு காலை.

தந்தி போன இடம்தான் வினை. ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் கூட்டம் ஒன்று அன்றைக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் திரும்பி விரைந்து வந்தது. எம்டனை விடப் பெரிய பீரங்கி, அதிக வேகம். புகையைப் பார்த்ததும் எம்டன் சங்கு ஊதி, கரையில் இருந்தவர்களைச் சீக்கிரம் வரச்சொன்னது. மியூக்கே ஆட்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு துரத்தினார். எட்ட முடியவில்லை. எம்டன் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போய்விட்டது.

முல்லர் செய்தது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நின்று ஐம்பது பேரையும் ஏற்றியிருந்தால், நங்கூரம் போட்ட இடத்திலேயே கப்பல் அடிபட்டிருக்கும். மீதி முந்நூறு பேர் கதி? விட்டுவிட்டுப் போனார். அந்தச் சண்டையில் எம்டன் நொறுங்கி, வடக்கு கீலிங் தீவுப் பாறையில் ஏறி நின்றது. 130க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முல்லர் கைதியானார். கரையில் விடப்பட்டவர்களுக்கு அன்றைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆயிஷா

தீவின் உட்கடலில் வெள்ளை நிறத்தில் மூன்று பாய்மரம் உள்ள ஒரு கப்பல் சும்மா நின்றது. 97 டன். தீவின் உரிமையாளர்களான குளூனிஸ்-ராஸ் குடும்பத்துடையது. கொப்பரைத் தேங்காய் ஏற்றிக்கொண்டு பட்டாவியா பக்கம் போய்வந்த கப்பல். கைவிரல் விட்டு எண்ணிவிடக் கூடிய ஆட்கள் ஓட்டுகிற அளவுதான். மியூக்கே அதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். "அடிப்பலகை மக்கிப்போச்சு, இதில போகாதீங்க"ன்னு எதிரிகளான நிலையத்து ஆட்களே எச்சரித்தார்கள். கேட்கவில்லை என்றதும் உணவு, உடுப்பு, புகையிலை என்று கொடுத்து உதவவும் செய்தார்கள். அன்று சாயங்காலமே, இருட்டுவதற்குள் பவளப் பாறைகளைத் தாண்டி ஆயிஷா கடலுக்குள் போய்விட்டது.

இனிமேல்தான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

கப்பலுக்குள் தண்ணீர் கசிகிறது. பம்பு இருக்கிறது, ஆனால் அதன் தோல் வாஷர் மக்கிப் போயிருக்கிறது. நம்ம ஊர் அடிபம்பில் வாஷர் காய்ந்துபோனால் ஒரு சொம்பு தண்ணி ஊற்றி ஊறவைத்து அடிப்போமே, அந்த வேலை இங்கே செல்லாது, தோலே இல்லை. கந்தல் துணியைச் சுற்றி, கொழுப்புத் தடவி, அதையே வாஷராக்கினார்கள். நான் பம்பு வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் இருப்பவன். இதைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. ஸ்பேர் வரவில்லை என்று எத்தனை நாள் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம்!

அடுத்தது குடிதண்ணீர். தொட்டிகளைத் திறந்தால் பெரும்பாலானவற்றில் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. வெயில் பூமத்திய ரேகை வெயில். மழை வந்தபோது பாயை விரித்து, அதில் வழிந்ததைப் பிடித்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்த நமக்கு இது புரியும். படுக்க இடமில்லை, பாரத்துக்குப் போட்டிருந்த இரும்புக்கு மேல் பாய்த்துணியைப் போட்டுத் தூங்கினார்கள். இருந்த பாய்களும் நைந்தவை. காற்று பலமாக அடித்தால் கிழியும், உட்கார்ந்து தைக்க வேண்டும். போர்க்கப்பலில் பீரங்கியும் கொதிகலனும் பார்த்தவர்களுக்கு அந்தப் பதினெட்டு நாளும் கயிறும் ஊசியும்தான் வேலை.

சுமார் 700 கடல் மைல். நவம்பர் 27ஆம் தேதி சுமத்ராவின் பாடாங் துறைமுகம். அது டச்சுக்காரர்களுடையது, போரில் சேராத நாடு. அங்கேயே தங்கிவிட்டால் காவலில் வைப்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, போர் முடியும்வரை சாப்பாடு நிச்சயம். மியூக்கே ஒப்பவில்லை. இது ஜெர்மன் போர்க்கப்பல், சட்டப்படி இருபத்து நாலு மணி நேரம் நிற்பேன், போய்விடுவேன் என்றார். கொப்பரை ஏற்றின கப்பலுக்குப் போர்க்கப்பல் அந்தஸ்து! சொன்னபடியே மறுநாள் போயும் விட்டார்.

டிசம்பர் 14ஆம் தேதி கடல் நடுவில் ஷோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைச் சந்தித்தார்கள். வானிலை மோசம், இரண்டு நாள் காத்திருந்துதான் மாற முடிந்தது. 16ஆம் தேதி எல்லோரையும் ஷோய்சிங்கில் ஏற்றிவிட்டு, ஆயிஷாவைத் தங்கள் கையாலேயே மூழ்கடித்தார்கள். ஐந்து வாரம் காப்பாற்றிய கப்பல் இறங்குவதை அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

கதை இங்கே முடியவில்லை. 1915 ஜனவரி 9ஆம் தேதி செங்கடல் கரையில் ஹொடைடாவில் இறங்கினார்கள். அது துருக்கியரின் ஆட்சிப் பகுதி. தரைவழியாகப் போகப் பார்த்துக் காய்ச்சலில் அடிபட்டுத் திரும்பினார்கள். பிறகு இரண்டு அரபுப் பாய்ப் படகுகள். அதில் ஒன்று பாறையில் மோதி மூழ்கியது. பிறகு ஒட்டகம். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஜெட்டாவுக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான பேர் வளைத்துச் சுட, மூட்டைகளை அடுக்கி மறைவு செய்துகொண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். சிலர் அங்கே இறந்தார்கள். மீதிப்பேர் அல்-உலா போய் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்தார்கள். 1915 மே 23ஆம் தேதி கான்ஸ்டான்டிநோபிள். ஆறரை மாதம். போன ஐம்பது பேரில் பெரும்பாலோர் திரும்பியிருந்தார்கள்.

அந்த அனுபவத்தை மியூக்கே புத்தகமாக எழுதினார், பெரும் புகழ் கிடைத்தது. பிற்காலத்தில் கொஞ்ச காலம் நாஜிக் கட்சியிலும் இருந்தார்; 1929இல் விலகி, ஹிட்லரை எதிர்த்துப் பேசினார், அதற்காகச் சிறைப்பட்டார். இரண்டாம் போருக்குப் பின் ஜெர்மனி மறுபடி ஆயுதம் எடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்தார். 1957இல் இறந்தார். போரால் பேர் வாங்கின மனுஷன் போர் வேண்டாம் என்று சொல்லி முடித்தார். அவரைச் சாமியாக்க வேண்டியதில்லை. தவறான கப்பலில் ஏறியவர், இறங்கவும் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கு

இந்தக் கதையை நான் முழுசாகப் படித்தது 2020 ஜூன் மாதம், ஊரில், வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது. ஏன் ஊரில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பசங்க யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அந்த மார்ச்சில் சென்னைக்கு வெளியே ஒரு சைட்டில் இருந்தேன். பம்ப் ஹவுஸ் வேலை. எனக்குக் கீழே முப்பத்தெட்டுப் பேர், எல்லோரும் ஜார்கண்ட், ஒடிசா பக்கம். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். முதல் இரண்டு வாரம் அரிசி, பருப்பு பார்த்துக் கொடுத்தோம். ஏப்ரலில், ஸ்டாஃப் மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், லேபர் விஷயத்தைக் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, தனியாக இருந்தார். காரணம் பொய்யில்லை. ஈ-பாஸ் வந்தது. போய்விட்டேன்.

கிளம்பின காலையில் ஷெட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒரு வயசான மேஸ்திரி, "சாப், வாபஸ் ஆவோகே நா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். வர முடியாது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

மே மாதம் அவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆந்திர எல்லை வரைக்கும் நடந்து, தடுத்து நிறுத்தப்பட்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கி, கடைசியில் சிறப்பு ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. நான் செய்ததெல்லாம் போனில் பேசியதும், கொஞ்சம் பணம் அனுப்பியதும்தான். சிலர் போனை எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான்.

முல்லர் ஐம்பது பேரை விட்டுப் போனார், சண்டைக்கு. நான் முப்பத்தெட்டுப் பேரை விட்டுப் போனேன், வீட்டுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று திண்ணையில் உட்கார்ந்தபோதே புரிந்தது. மியூக்கே முன்னால் இருந்ததும் மக்கிப்போன ஒரு மரக் கப்பல்தான். ஆளோடு ஆளாக அவரும் அதில் ஏறினார், இரும்பு மேல் படுத்தார். என் முன்னால் இருந்த ஷெட்டில் அரிசியும் இருந்தது, போனும் இருந்தது, கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுக்கப் பேனாவும் இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் சித்தப்பாவும் இருந்தார்.

வேலை மறுபடி தொடங்கியபோது பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். அந்த மேஸ்திரியும் வந்தார். என்னைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு, "அப்பா நல்லா இருக்காரா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஆட்களின் பெயர், ஊர், வீட்டு நம்பர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். 2021இல் இரண்டாவது அலை வந்தபோது என் சைட்டில் இருபத்தாறு பேர். கடைசி ஆள் ரயிலேறிய பிறகுதான் நான் பஸ் ஏறினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பழைய பாக்கியில் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கல்லூரியில் நமக்கு பம்பின் எஃபிஷியன்சி சொல்லிக் கொடுத்தார்கள், ஹெட் கணக்கிடச் சொல்லிக் கொடுத்தார்கள். கந்தல் துணி வாஷரும், கடைசி ஆள் கணக்கும் சிலபஸில் இல்லை. இன்றைக்கு நம்மில் பலர் மேனேஜர், சிலர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார்கள். நம்மை நம்பி யாராவது நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். கப்பல் போனால் போகட்டும். ஆயிஷாவையே அவர்கள் கையால் மூழ்கடித்தார்கள். ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

ரீயூனியன் அன்றைக்கு நம்ம பேட்ச் ஆட்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். வராதவர்களுக்கு அங்கேயிருந்தே ஒரு போன் போடுவோம். ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா என் செலவு. ஆம்லெட்டும் உண்டு.